தப்புக்காகக் காத்திருக்கும் ஊர்கள்

ஃபுளோரிடாவில் ஜாக்சன்வில்லிலிருந்து கெயின்ஸ்வில்லுக்குக் காரில் போகப் போகிறோம் என்று இங்கிருக்கும் எந்தத் தமிழ்க் குடும்பத்திடம் சொன்னாலும் முதலில் வருகிற அறிவுரை இதுதான்: "301-லதானே போறீங்க? லாட்டி வந்தா மெதுவா போங்க. வால்டோ வந்தா இன்னும் மெதுவா போங்க."

யு.எஸ். 301 பழைய சாலை. ஐ-95 விரைவுச்சாலை வருவதற்கு முன்னால் நியூயார்க் பக்கத்திலிருந்து ஃபுளோரிடா வெயிலைத் தேடி வந்தவர்கள் இந்த வழியாகத்தான் இறங்கினார்கள். வெளியூர் நம்பர் பிளேட், பின் சீட்டில் குழந்தைகள், பர்ஸில் விடுமுறைக்கென்று சேர்த்த பணம். அந்த வண்டிகளைப் பார்த்துப் பார்த்துச் சில ஊர்கள் ஒரு பழக்கத்தைக் கற்றுக்கொண்டன. ஜார்ஜியாவில் இதே சாலையில் இருக்கும் லுடோவிசி என்ற சின்ன ஊரைப் பற்றிப் புகார்கள் குவிந்து, 1970-இல் மாநில கவர்னர் லெஸ்டர் மேடக்ஸே ஊருக்கு வெளியே எச்சரிக்கைப் பலகைகள் வைத்தார். தன் மாநிலத்து ஊர் ஒன்றிடம் ஜாக்கிரதையாக இருங்கள் என்று கவர்னரே பயணிகளுக்குச் சொல்ல வேண்டியிருந்தது. இப்படிப்பட்ட இடத்துக்கு அமெரிக்காவில் 'ஸ்பீட் ட்ராப்' என்று பெயர்.

அதன் அமைப்பைச் சொல்கிறேன். காட்டுக்கும் வயலுக்கும் நடுவே 65 மைல் வேகத்தில் வந்துகொண்டிருப்பீர்கள். திடீரென்று 55 பலகை. கொஞ்ச தூரத்தில் 45. அப்புறம் 35. ஊர் என்று சொல்ல ஒரு பெட்ரோல் பங்க், ஒரு சர்ச், நாலு வீடு. அது முடிந்ததும் மறுபடி 45, 55 என்று ஏறும். வால்டோவில் இரண்டு மைல் தூரத்துக்குள் இப்படி ஆறு முறை வேக வரம்பு மாறியது. ஒரு பலகையை மரம் மறைத்தாலோ, முன்னால் போகும் லாரி மறைத்தாலோ, அடுத்த திருப்பத்தில் ராடாரோடு நிற்கும் வண்டி உங்களை ஓரங்கட்டும்.

தமிழ்நாட்டில் இருந்து படிக்கும் நண்பர்களுக்கு ஒன்றை விளக்கிவிட வேண்டும். நம்மூரில் போலீஸ் மாநில அரசுடையது. டிராஃபிக் போலீஸ் போடும் ஃபைனால் பேரூராட்சித் தலைவருக்கு ஒரு தெருவிளக்குக்கூடப் புதிதாக வராது. அமெரிக்காவில் ஐந்நூறு பேர் இருக்கிற ஊரும் தனக்கென்று போலீஸ் வைத்துக்கொள்ளலாம். பல மாநிலங்களில் தனக்கென்று ஒரு நீதிமன்றமும் வைத்துக்கொள்ளலாம். அந்தப் போலீஸ் எழுதும் டிக்கெட்டுக்கு, அதாவது மீறல் சீட்டுக்கு, அந்த நீதிமன்றம் ஃபைன் போடும். பணத்தில் ஒரு பெரும் பங்கு ஊர் கஜானாவுக்குப் போகும். அந்தக் கஜானாவிலிருந்து போலீஸுக்குச் சம்பளம் போகும். இந்த வட்டத்தை மனதில் வைத்துக்கொண்டால் மற்றது எல்லாம் தானாகப் புரியும்.

வால்டோவில் சுமார் ஆயிரம் பேர். போலீஸ்காரர்கள் ஏழு பேர். 2013-இல் அவர்கள் எழுதிய டிக்கெட் 11,603. பக்கத்திலேயே இருக்கிற கெயின்ஸ்வில்லில் ஒன்றேகால் லட்சம் பேர், சுமார் முந்நூறு போலீஸ். அங்கே அந்த வருஷம் எழுதப்பட்டது ஏறக்குறைய 25,000-தான். வால்டோவின் பட்ஜெட் சுமார் 10 லட்சம் டாலர். அதில் பாதியை நெருங்கும் பணம் டிக்கெட்டிலிருந்து வந்தது. டிரிப்பிள் ஏ என்ற வாகன ஓட்டிகள் சங்கம் 1990-களின் நடுவிலேயே வால்டோவையும் லாட்டியையும் பெயர் சொல்லிக் கண்டித்து, சாலையோரம் விளம்பரப் பலகை வைத்து எச்சரித்தது. எதுவும் நடக்கவில்லை. கடைசியில் ஊரை மாற்றியது வெளியார் யாரும் இல்லை, அந்த ஊர்ப் போலீஸ்காரர்களே. 2014 ஆகஸ்டில் அவர்கள் ஊர்மன்றக் கூட்டத்துக்கு வந்து, 12 மணி நேர ஷிஃப்டுக்கு 12 டிக்கெட் எழுதியாக வேண்டும் என்று எங்களைக் கட்டாயப்படுத்துகிறார்கள் என்று பகிரங்கமாகச் சொன்னார்கள். ஐந்து பேர். வேலை போகும் என்று தெரிந்தும் பேசியவர்கள். அடுத்த மாதக் கடைசிக்குள் ஊர்மன்றம் போலீஸ் துறையையே கலைத்துவிட்டது. அவர்கள் பயந்தபடி வேலை போனது. ஆனால் அடுத்த வருஷம் டிக்கெட்டுக்கு இலக்கு வைப்பதையே தடை செய்து ஃபுளோரிடா சட்டம் இயற்றியது. அந்த ஐந்து பேர்மேல் எனக்கு மிகுந்த மரியாதை உண்டு.

வால்டோவுக்குக் கொஞ்சம் வடக்கே ஹாம்ப்டன். 477 பேர். இந்த ஊர் 301-இல் இல்லவே இல்லை, சற்றுத் தள்ளி மேற்கே இருக்கிறது. 1990-களில் என்ன செய்தார்கள் தெரியுமா? நெடுஞ்சாலையில் 1,260 அடி நீளத் துண்டு ஒன்றை ஊர் எல்லைக்குள் சேர்த்துக்கொண்டார்கள். கால் மைல்கூட இல்லை. அந்தத் துண்டில் யாரும் குடியிருக்கவில்லை. அங்கே போலீஸ் நாற்காலி போட்டு உட்கார்ந்து ராடார் பிடித்தது. 2011, 2012 இரண்டு வருஷத்தில் 12,698 டிக்கெட். அவர்களிடம் டிக்கெட் வாங்கியவர்களில் மாநிலச் சட்டமன்ற உறுப்பினர் ஒருவரும் இருந்தார். பிறகு தணிக்கை வந்தது, பணம் எங்கே போனது என்று கணக்கே சரியாக இல்லை என்பது வெளிவந்தது. ஊரையே கலைத்துவிடுவோம் என்று 2014-இல் சட்டமன்றம் மிரட்டியபோது, ஹாம்ப்டன் அந்த 1,260 அடியைத் திருப்பிக் கொடுத்துத்தான் உயிர் பிழைத்தது.

ஒஹையோவில் கொலம்பஸ் நகரத்தை ஒட்டியிருந்த நியூ ரோம் அப்படிப் பிழைக்கவில்லை. அறுபது பேர் கொண்ட கிராமம். ஒரு காலத்தில் அங்கே பதினான்கு போலீஸ்காரர்கள் இருந்தார்கள். மாநில அரசு வழக்குப் போட்டு 2004-இல் அந்தக் கிராமத்தையே இல்லாமல் ஆக்கியது.

இவ்வளவும் படித்தால் ஏதோ பேராசைக்காரர்களின் கதை மாதிரித் தோன்றும். பேராசை உண்டு, மறுக்கவில்லை. ஆனால் அதோடு நிறுத்திவிட்டால் நோயைப் பார்க்காமல் போய்விடுவோம். ஊருக்குக் குப்பை அள்ள வேண்டும், சாக்கடை பார்க்க வேண்டும், தண்ணீர்க் குழாய் மாற்ற வேண்டும். பணம் எங்கிருந்து வரும்? சொத்து வரியை ஏற்றலாம். ஆனால் ஏற்ற முடியாதபடி மாநிலங்களே கட்டிப்போட்டிருக்கின்றன. மிசௌரியில் 1980-இல் வந்த ஹேன்காக் திருத்தத்தின்படி மக்கள் ஓட்டுப் போட்டு ஒப்புக்கொள்ளாமல் வரியை ஏற்ற முடியாது. மாசசூசெட்ஸிலும் அதே வருஷம் சொத்து வரிக்கு வரம்பு வந்தது. விற்பனை வரி கிடைக்கும் என்றால், கடைத்தெரு செத்து, வியாபாரம் எல்லாம் பக்கத்து ஊர்ப் பெருங்கடைக்குப் போய்விட்டது. உள்ளூர்க்காரரிடம் பத்து டாலர் கூடுதலாகக் கேட்டால் அடுத்த தேர்தலில் பதவி போகும். வழியோடு போகிறவரிடம் இருநூறு டாலர் வாங்கினால் ஒன்றும் ஆகாது. அவருக்கு அந்த ஊரில் ஓட்டு இல்லை.

இதை வெறும் ஊகமாகச் சொல்லவில்லை. மாசசூசெட்ஸ் டிக்கெட்டுகளை ஆராய்ந்து மைக்கேல் மகௌஸ்கி, தாமஸ் ஸ்ட்ராட்மன் என்ற இரண்டு பொருளாதார அறிஞர்கள் 2009-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். ஒரே மீறலுக்கு வெளியூர்க்காரர் ஃபைன் கட்டும் வாய்ப்பு அதிகம், தொகையும் அதிகம். ஊர் மக்கள் வரி உயர்வை ஓட்டெடுப்பில் நிராகரித்த இடங்களில் அது இன்னும் அதிகம். அதே வருஷம் வட கரோலினா பற்றி வந்த இன்னொரு ஆய்வும் இதையே வேறு பக்கத்திலிருந்து காட்டியது. வருமானம் குறைந்த வருஷத்துக்கு அடுத்த வருஷம் டிக்கெட் கூடுகிறது. ஓட்டுநர்களின் கால் எப்போதும்போலத்தான் ஆக்ஸிலரேட்டரில் இருந்தது. மாறியது ஊரின் வரவு செலவு.

வழிப்பயணி இருநூறு டாலர் கட்டிவிட்டு, திட்டிக்கொண்டே வீட்டுக்குப் போய்விடுவார். என்னை இந்தப் பதிவை எழுத வைத்தது அவர் இல்லை. போவதற்கு வேறு ஊர் இல்லாதவர்கள்தான்.

வால்டோ போலீஸ்காரர்கள் ஊர்மன்றத்தில் பேசிய அதே 2014 ஆகஸ்டில், 9-ஆம் தேதி, மிசௌரியில் ஃபெர்குசன் என்ற ஊரில் மைக்கேல் பிரவுன் என்ற 18 வயதுக் கறுப்பின இளைஞரைப் போலீஸ்காரர் ஒருவர் சுட்டுக் கொன்றார். அதற்குப் பிறகு எழுந்த போராட்டங்களை எல்லோரும் டிவியில் பார்த்தோம். 2015 மார்ச்சில் மத்திய நீதித்துறை வெளியிட்ட அறிக்கையை அவ்வளவு பேர் படித்திருக்க மாட்டார்கள். நூறு பக்கத்துக்குச் சற்று மேல். அதில் எனக்குத் தூக்கத்தைக் கெடுத்தவை வருமானக் கணக்குகள்தான்.

21,000 பேர் கொண்ட ஊர். 2010 நிதியாண்டில் நீதிமன்ற ஃபைன், கட்டணம் வழியாக வந்தது 13.8 லட்சம் டாலர். 2013-இல் 24.6 லட்சம். 2015-க்கு பட்ஜெட்டில் எழுதி வைத்த எதிர்பார்ப்பு 30.9 லட்சம். மொத்தப் பொது வருமானம் சுமார் 1.33 கோடி என்று போட்டிருந்தார்கள், அதில் இது கால் பங்குக்குச் சற்றே குறைவு. அடுத்த வருஷம் மக்கள் எவ்வளவு தப்புச் செய்யப் போகிறார்கள் என்று முன்கூட்டியே எழுதி, அதை நம்பிச் செலவுக்கும் ஒதுக்கிவிட்டார்கள். விற்பனை வரி குறைகிறது, டிக்கெட் எழுதுவதைக் கூட்டாவிட்டால் கஷ்டம் என்று ஊரின் நிதி அதிகாரி போலீஸ் தலைவருக்கே மின்னஞ்சல் எழுதியிருக்கிறார். நீதிமன்ற அலுவலகமோ போலீஸ் தலைவரின் மேற்பார்வையில் இயங்கியது.

அந்த அறிக்கையில் ஒரு பெண் வருகிறார். பெயர் இல்லை, பெயர் தேவையும் இல்லை. 2007-இல் காரைத் தப்பான இடத்தில் நிறுத்தினார். ஃபைன் 151 டாலர், மேலே கட்டணங்கள். அவரிடம் பணம் இல்லை, சில சமயம் தங்க வீடும் இல்லை. கோர்ட்டுக்கு வராததற்கும் பணம் கட்டாததற்கும் ஏழு முறை தனித்தனியாகக் குற்றம் பதிந்தார்கள். ஒவ்வொன்றுக்கும் புது ஃபைன், புது வாரண்ட். இரண்டு முறை கைதாகி ஆறு நாள் சிறையில் இருந்தார். 25 டாலர், 50 டாலர் என்று கொஞ்சம் கொஞ்சமாக அனுப்பிப் பார்த்தார். முழுத் தொகை இல்லை என்று கோர்ட் திருப்பி அனுப்பியது. 2014 டிசம்பர் வரை அவர் 550 டாலர் கட்டியிருந்தார். இன்னும் 541 டாலர் பாக்கி இருந்தது.

151 டாலர் பார்க்கிங் ஃபைன், ஏழு வருஷம்.

அந்த டிசம்பரில் ஃபெர்குசன் கோர்ட்டின் வாரண்ட் பாக்கி இருந்தவர்கள் 16,000 பேருக்கு மேல். ஊர் ஜனத்தொகையில் கறுப்பினத்தவர் 67 சதவீதம். டிக்கெட் வாங்கியவர்களில் அவர்கள் 90 சதவீதம். கைதானவர்களில் 93. இந்த எண்களைப் பார்த்த பிறகும் இதைச் சாலைப் பாதுகாப்பு என்று அழைப்பவரோடு எனக்குப் பேச்சு இல்லை.

ஃபெர்குசன் இருக்கும் செயின்ட் லூயிஸ் வட்டாரத்தில் வசதி உள்ளவருக்கு வேறு பாதை இருந்தது. வேகமாகப் போனதற்கு டிக்கெட் வந்தால் ஒரு வக்கீலைப் பிடிப்பார். வக்கீல் அரசுத் தரப்போடு பேசி, குற்றத்தைச் சைலன்சர் சத்தம் என்றோ தப்பான பார்க்கிங் என்றோ மாற்றிவிடுவார். ஃபைன் தொகை கூடும், ஆனால் லைசென்ஸில் பாயின்ட் ஏறாது, இன்ஷூரன்ஸ் கூடாது. ஊருக்கும் லாபம், வக்கீலுக்கும் லாபம், ஓட்டியவருக்கும் நிம்மதி. அவர் வேகமாக ஓட்டியது மட்டும் எந்தப் பதிவிலும் இருக்காது. ஐ.டி. வேலையில் இருக்கும் நம்மவர்கள் பலர் இந்த வழியில் போய்விட்டு, "அமெரிக்காவுல எல்லாம் ஒழுங்கா நடக்கும்" என்று சொல்வதைக் கேட்டிருக்கிறேன். பணம் இருந்தவருக்கு ஒழுங்காக நடந்தது.

நம் மாணவர்களுக்கு அப்படி நடப்பதில்லை. நண்பர் ஒருவரின் மகன் எம்.எஸ். படிக்க வந்தவன், ஒரு சின்ன ஊரில் டிக்கெட் வாங்கினான். வீடு மாறியதில் நோட்டீஸ் பழைய முகவரிக்குப் போய்விட்டது. லைசென்ஸ் முடக்கப்பட்டதே அவனுக்கு இன்ஷூரன்ஸைப் புதுப்பிக்கப் போனபோதுதான் தெரிந்தது. நடுவில் ஒரு தடவை போலீஸ் நிறுத்தியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அவன் அப்பா தொலைபேசியில் என்னிடம் கேட்டபோது அவர் குரல் நடுங்கியது. அந்தப் பயத்துக்குக் காரணம் இருக்கிறது. 2025 ஏப்ரல் வாக்கில் ஆயிரக்கணக்கான வெளிநாட்டு மாணவர்களின் செவிஸ் என்ற மாணவர் விசாப் பதிவுகளை அமெரிக்க அரசு திடீரென்று ரத்து செய்தது. போலீஸ் தரவுத்தளத்தில் பெயர் இருந்தது என்பதே காரணம். சிறிய டிராஃபிக் மீறலுக்கு மேல் எதுவும் இல்லாதவர்களும், வழக்குத் தள்ளுபடி ஆனவர்களும் அதில் இருந்தார்கள். பல நீதிமன்றங்கள் தடை விதித்தன, அந்த மாதக் கடைசியிலேயே அரசு பின்வாங்கியது. ஆனால் அந்த வாரங்களில் நம் பிள்ளைகள் பட்ட பாடு பட்டதுதான். ஏதோ ஒரு ஊர் தன் பட்ஜெட்டை நிரப்ப எழுதும் துண்டுச்சீட்டு, நாட்டின் பெரிய கணினியில் ஏறிய பிறகு அதை எழுதியவர் கையில் நிற்பதில்லை.

சரி, "அப்போ வேகமா போறவனை விட்டுடணுமா?" என்று நீங்கள் கேட்பது எனக்குக் கேட்கிறது. விடக் கூடாது. 35-இல் போக வேண்டிய தெருவில் 60-இல் போகிறவர் குழந்தையைக் கொன்றுவிடுவார். மேலே சொன்ன அதே மகௌஸ்கியும் ஸ்ட்ராட்மனும் 2011-இல் இன்னொரு கட்டுரை எழுதினார்கள். டிக்கெட் கூடிய இடங்களில் விபத்தும் காயங்களும் குறைந்தன என்பது அதன் முடிவு. என் வாதத்துக்குச் சங்கடமான முடிவுதான். ஆனாலும் அதை ஏற்கிறேன். டிக்கெட் வேலை செய்கிறது. அதனால்தான் அதைக் காசு பண்ணும் கருவியாக விடக் கூடாது என்கிறேன். வேகத்தைக் குறைக்க விரும்பும் ஊர் ராடார் வண்டியைப் பள்ளிக்கூட வாசலில் நிறுத்தும், நெடுஞ்சாலை ஊருக்குள் நுழையும் இடத்தில் சாலையைக் குறுக்கும், பெரிய பலகை வைக்கும், மரக்கிளையை வெட்டும். பணத்தை விரும்பும் ஊருக்குப் பலகை மறைந்திருப்பதுதான் வசதி. எல்லோரும் ஒழுங்காக ஓட்டத் தொடங்கினால் முதல் ஊர் சந்தோஷப்படும், இரண்டாவது ஊர் திவாலாகும்.

மிசௌரியில் உண்மையாகவே அப்படி ஒன்று நடந்தது. மேக்ஸ் க்ரீக், 54-ஆம் நெடுஞ்சாலையில் முந்நூறு பேருக்கும் குறைவாக இருந்த ஊர். வருமானத்தில் முக்கால்வாசி டிக்கெட்டிலிருந்து. 1995-இல் மாநிலம் 45 சதவீதத்துக்கு மேல் வைத்துக்கொள்ளக் கூடாது என்று சட்டம் போட்டது, அந்தச் சட்டத்துக்கே மேக்ஸ் க்ரீக் சட்டம் என்று பெயர். ஊர் கொஞ்ச காலத்தில் திவாலானது. பின்னால் ஊராட்சியே கலைந்தது. ஃபெர்குசனுக்குப் பிறகு 2015-இல் அந்த வரம்பு 20 சதவீதமாக இறங்கியது.

வரம்பு நல்லதுதான், ஆனால் அதை மட்டும் நம்பி உட்கார முடியாது. செயின்ட் லூயிஸ் பக்கத்தில் பேஜ்டேல் என்ற சிற்றூர், டிராஃபிக் வழியில் கை வைக்க முடியாது என்று ஆனபோது வீடுகளின் பக்கம் திரும்பியது. ஜன்னல் திரைச்சீலை ஒன்றுக்கொன்று பொருந்தவில்லை, புல் வளர்ந்துவிட்டது, பெயின்ட் உதிர்கிறது என்று டிக்கெட். வீட்டுச் சொந்தக்காரர்கள் மத்திய நீதிமன்றத்துக்குப் போய், 2018-இல் ஒப்பந்தம் ஒன்று ஏற்பட்டு அது நின்றது.

அமெரிக்க உச்ச நீதிமன்றம் இந்த நோயின் ஆணிவேரை எப்போதோ தொட்டுவிட்டது. 1927-இல் டூமி எதிர் ஒஹையோ வழக்கு. மதுவிலக்குக் காலத்தில் ஒரு கிராமத்து மேயரே நீதிபதியாக உட்கார்ந்து, தண்டனை கொடுத்தால் மட்டும் தனக்குக் கூலி வாங்கிக்கொண்டார். அது செல்லாது என்றது நீதிமன்றம். 1972-இல் மன்ரோவில் கிராம வழக்கில் இன்னும் ஒரு படி மேலே போனது: மேயர் தன் சட்டைப்பைக்குப் பணம் வாங்காவிட்டாலும், ஊரின் வருமானத்துக்குப் பொறுப்பானவர் அந்த வருமானத்தைத் தரும் தீர்ப்பைச் சொல்லக் கூடாது. 1983-இல் பேர்டன் வழக்கில், கட்ட வழியில்லாதவரை அந்தக் காரணத்துக்காகவே சிறையில் அடைக்கக் கூடாது என்றது. மூன்றும் சட்டப் புத்தகத்தில் இருந்தபோதுதான் ஃபெர்குசன் பெண் ஆறு நாள் உள்ளே இருந்தார்.

அலபாமாவில் பர்மிங்ஹாமுக்கு வடக்கே புரூக்சைட் என்று ஓர் ஊர். 1,253 பேர். ஊருக்குள் ஒரு சிக்னல்கூட இல்லை. 2018-இல் புதுப் போலீஸ் தலைவர் வந்தார். பக்கத்து நெடுஞ்சாலையில் ஒன்றரை மைல் அவர்கள் எல்லையில் இருந்தது. இரண்டே வருஷத்தில் ஃபைன் வழியாகவும் பறிமுதல் வழியாகவும் வந்த வருமானம் 640 சதவீதம் உயர்ந்து, ஊர் பட்ஜெட்டில் பாதியைத் தொட்டது. இழுத்துச் செல்லப்பட்ட வண்டிகள் 2018-இல் 50, 2020-இல் 789. 2022 ஜனவரியில் ஜான் ஆர்ச்சிபால்ட் என்ற உள்ளூர்ப் பத்திரிகையாளர் இதை எழுதினார். ஒரு வாரத்துக்குள் போலீஸ் தலைவர் ராஜினாமா. அந்த வருஷமே டிராஃபிக் ஃபைன் ஊர் வருமானத்தில் 10 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று அலபாமா சட்டம் போட்டது. ஆர்ச்சிபால்டுக்கும் அவர் குழுவுக்கும் 2023-இல் புலிட்சர் விருது கிடைத்தது. உள்ளூர்ப் பத்திரிகை ஒவ்வொன்றாக மூடப்படுகிற நாட்டில், அடுத்த புரூக்சைட்டை யார் எண்ணிப் பார்க்கப் போகிறார்கள் என்பது என் பெரிய கவலை.

நான் கேட்பது எளிமையானது. டிக்கெட் எழுதும் ஊர் அந்தப் பணத்தைத் தொடக் கூடாது. ஒரு சதவீதம்கூட. மாநிலம் வாங்கி, பள்ளிக்கூடங்களுக்குக் கொடுக்கட்டும். வட கரோலினாவின் அரசியல் சட்டம் ஃபைன் பணம் பொதுப் பள்ளிகளுக்கே என்று ஏற்கெனவே சொல்கிறது. மிசௌரி அரசியல் சட்டத்திலும் மாநிலச் சட்டத்தை மீறியதற்கான ஃபைனுக்கு அப்படி ஒரு விதி உண்டு. அங்கே ஊர்கள் தங்கள் சொந்த ஊர்ச் சட்டத்தின் கீழ் டிக்கெட் எழுதிப் பணத்தைத் தங்களிடமே வைத்துக்கொண்டன. அந்தச் சந்து அடைபட வேண்டும். அப்படி அடைத்தால் சில ஊர்கள் தனியாக நிற்க முடியாமல் பக்கத்து ஊரோடு சேர வேண்டி வரும். சேரட்டும். செயின்ட் லூயிஸ் கவுண்டியில் மட்டும் தொண்ணூறு ஊராட்சிகள், எண்பதுக்கு மேல் நீதிமன்றங்கள் இருந்தன. அத்தனையும் தாங்கிப் பிடிக்க ஏழைகளின் பணம் போனது போதும்.

அதுவரை, இங்கே புதிதாக வந்திருக்கும் தம்பி தங்கைகளுக்கு: டிக்கெட் வந்தால் தூக்கி ஓரமாக வைக்காதீர்கள். அதில் இருக்கும் தேதியை அன்றே குறித்துக்கொள்ளுங்கள். வீடு மாறினால் லைசென்ஸ் அலுவலகத்துக்கு மட்டுமல்ல, கோர்ட்டுக்கும் முகவரி சொல்லுங்கள். தபாலில் பணம் அனுப்புவது பெரும்பாலும் குற்றத்தை ஒப்புக்கொண்டதாகவே கணக்கு, அதனால் அனுப்பும் முன் யோசியுங்கள். கட்ட முடியாவிட்டால் நேரில் போய்த் தவணை கேளுங்கள், கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. கல்லூரி மாணவர் என்றால் பல்கலைக்கழகத்தில் இலவசச் சட்ட ஆலோசனை இருக்கிறதா என்று பாருங்கள், பல இடங்களில் இருக்கிறது. வழக்கு முடிந்ததும் முடிந்தது என்ற தாளை வாங்கிப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.